வெள்ளையில்லாத வெண்பனி: லூயி ஆப்போலின் குளிர்கால ஓவியங்களுக்கு ஓர் அறிமுகம்

நெதர்லாந்து ஓவியர் லூயி ஆப்போலின் குளிர்கால ஓவியம் ஒன்றை முதன்முறையாகப் பார்ப்பவர், அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போய்விடக்கூடும். இலையுதிர்ந்த மரங்கள் சில, பாதி உறைந்த ஓர் ஓடை, வண்டித்தடம் பதிந்த ஒரு பாதை, சில படங்களில் தொலைவில் ஒரு குடியானவர் வீட்டின் கூரை, மற்றபடி எங்கும் வெண்பனி. கதை இல்லை, பெரும்பாலான படங்களில் மனித முகமே இல்லை. ஆனால் சில நிமிடங்கள் பொறுமையாக நின்று பார்த்தால், அந்த வெள்ளை வெள்ளையாக இல்லை என்பதும், அந்த வெறுமை தானாக வந்துவிடவில்லை என்பதும் புலப்படத் தொடங்கும். ஓவியக்கலையில் ‘குளிர்கால நிலக்காட்சி’ என்று தனியாகவே ஒரு வகை உண்டு. பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி அதை வேறு எவரையும் விட அதிகமாகப் பயின்றவர்கள் டச்சுக்காரர்கள். அந்த வகை எங்கிருந்து வந்தது, வெண்பனி ஓவியத்தில் எப்படி உருவாகிறது, ஓசையே இல்லாத ஒரு கலையில் அமைதி என்பதற்கு என்ன பொருள் என்பவற்றை ஆப்போலின் ஓவியங்களை நடுவில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் பனி என்ற ஒரே சொல் புல்நுனியில் நிற்கும் ஈரத்தையும், மார்கழி விடியலில் தெருவை மறைக்கும் மூட்டத்தையும், இமயத்தின் உச்சியில் கிடப்பதையும் குறித்துவிடுகிறது. டச்சு ஓவியருக்கு இவையெல்லாம் வேறுவேறு பொருள்கள். ஒளி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக விழும். வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கித் தரையில் படிவதை இங்கே வெண்பனி என்கிறேன். கால்வாயும் குளமும் இறுகித் தகடாக ஆவதைப் பனிக்கட்டி என்கிறேன். இரவுக் குளிரில் கிளைகளின் மேல் உப்புப் பூத்ததுபோல் ஒட்டிக்கொள்வது உறைபனி. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களைப் பெரிதும் ஈர்த்தது பனிக்கட்டி. ஆப்போலை ஈர்த்தது வெண்பனி. இந்த வேறுபாடு சிறியதல்ல. கால்வாய் உறைந்தால் ஊரே வெளியே வரும். வெண்பனி கனத்துப் பெய்தால் ஊர் வீட்டுக்குள் போய்விடும்.

லோடவைக் ஃபிரான்சிஸ்குஸ் ஹென்ட்ரிக் ஆப்போல் என்பது அவருடைய முழுப்பெயர். லூயி என்பது வழங்குபெயர். 1850 செப்டம்பர் 6 அன்று ஹேக் நகரில் பிறந்தார். 1936 நவம்பரில் அதே நகரில் இறந்தார். மகனுக்கு இருந்த கைத்திறனைச் சிறுவயதிலேயே கண்டுகொண்ட தந்தை, ஹொப்பன்ப்ரவர்ஸ், ஸ்டோர்டன்பேக்கர் என்ற இரண்டு ஓவியர்களிடம் தனியாகப் பாடம் கேட்க ஏற்பாடு செய்தார். 1868ல், பதினெட்டு வயதை எட்டும் பருவத்தில், மன்னர் மூன்றாம் வில்லெமின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. 1875ல் அவர் வரைந்த ‘ஹேக் காட்டில் ஒரு ஜனவரி மாலை’ என்ற பெரிய ஓவியம் இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துக்குள். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் வரைந்த அவர், குளிர்காலத்தை விட்டு அதிகம் விலகவில்லை.

ஆப்போலின் தனித்தன்மை விளங்க வேண்டுமென்றால், அவருக்கு முன்னால் இந்த வகை எப்படி இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். தொடக்கப்புள்ளியாகப் பலரும் காட்டுவது பிளெமிஷ் ஓவியர் மூத்த பீட்டர் ப்ரூகல் 1565ல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ என்ற படத்தை. இன்று வியன்னாவில் இருக்கும் அந்தப் படத்தில் களைத்த வேட்டைக்காரர்கள் மூவர் நாய்களோடு ஒரு மேட்டின் மேல் வந்து நிற்க, கீழே பச்சைச் சாம்பல் நிறத்தில் உறைந்த குளங்கள் விரிந்து கிடக்கின்றன. அதற்கு முந்தைய குளிர்காலம் மிகக் கடுமையானது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நீடித்த குளிர்ந்த காலகட்டத்தை வானிலை வரலாற்றாளர்கள் ‘சிறு பனியுகம்’ என்று அழைக்கிறார்கள். அதன் கடுமையான பகுதியும் டச்சுக் குளிர்கால ஓவியங்கள் பெருகிய காலமும் பெரிதும் ஒன்றுபடுகின்றன. கண்ணெதிரே இருந்ததை வரைந்தார்கள் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பாதி விடைதான். அதே குளிர் பிற நாடுகளிலும் அடித்தது. அங்கெல்லாம் இந்த அளவுக்குக் குளிர்கால ஓவியங்கள் எழவில்லை. நெதர்லாந்தில் மட்டும் சொந்த ஊரின் கால்வாயையும் வயலையும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள விரும்பிய நகரத்து நடுத்தர மக்கள் ஏராளமாக இருந்தார்கள். வாங்க ஆள் இருந்ததால் வரைய ஆள் வந்தது.

அப்படி வந்தவர்களில் முதன்மையானவர் ஹென்ட்ரிக் ஆவர்காம்ப். 1585ல் பிறந்து 1634ல் மறைந்த இவர் வாய்பேச முடியாதவர். காம்பன் என்ற ஊரில் வாழ்ந்ததால் ‘காம்பன் ஊர் ஊமை’ என்றே அக்காலத்தவர் அவரைக் குறிப்பிட்டார்கள். ஏறத்தாழ 1608ல் அவர் வரைந்த சறுக்கு விளையாட்டுப் படம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சற்று உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் அமைந்த அந்தப் படத்தில், உறைந்த நீரின் மேல் ஓர் ஊரே நடமாடுகிறது. கோல்ஃபுக்கு உறவான மட்டையாட்டம் ஆடுவோர், சறுக்குவண்டியில் போகும் செல்வர், விழுந்து கிடப்போர், ஒதுங்கி மலம் கழிப்பவர் வரை அதில் உண்டு. ஒரு மூலையில் செத்த விலங்கின் உடலை நாய் தின்றுகொண்டிருக்கிறது. பழைய கதவு ஒன்றைக் குச்சியால் முட்டுக்கொடுத்து நிறுத்திய பறவைப்பொறி ஒன்றும் இருக்கிறது. அது ப்ரூகலிடமிருந்து வந்தது. படத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள். பேச்சற்ற ஒருவர் இத்தனை இரைச்சலான படங்களை வரைந்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். ஒருவேளை வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்குத்தான் இத்தனை சிறு அசைவுகளும் அகப்படுமோ என்னவோ.

அமைதியான குளிர்காலம் வேறொரு வழியில் வந்தது. யான் ஃபான் கோயன் போன்றவர்கள் 1630களிலும் 1640களிலும் வண்ணங்களைக் குறைத்து, பழுப்பும் சாம்பலுமாக ஒரே குடும்பத்து நிறங்களில் நதிக்கரைகளை வரையத் தொடங்கினார்கள். அடுத்த தலைமுறையில் யாகப் ஃபான் ராய்ஸ்டால் வரைந்த குளிர்காலக் காட்சிகளில் விளையாட்டு ஏறக்குறைய நின்றேவிட்டது. கருத்துத் திரண்ட மேகத்தின் கீழ் ஒரு வீடு, ஒரு கம்பம், ஓரிரு சிறு உருவங்கள், அவ்வளவுதான். குளிர்காலம் கொண்டாட்டமாக மட்டுமல்லாமல் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகவும் இருக்கும் என்பதை இவர் படங்கள் ஒத்துக்கொள்கின்றன. ஆப்போலுக்கு முன்னோர் என்று நான் கருதுவது ஆவர்காம்ப்பை அல்ல, ராய்ஸ்டாலைத்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆந்திரேயாஸ் ஸ்கெல்ஃப்ஹவுட் போன்ற ஓவியர்கள் குளிர்கால நிலக்காட்சிக்கு மீண்டும் ஒரு சந்தையை உண்டாக்கினார்கள். அவர்களுடைய பனிக்கட்டி பளிங்குபோல் மின்னும், வானம் இளஞ்சிவப்பாகச் சிவந்திருக்கும், விறகு சுமக்கும் கிழவர் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருப்பார். திறமையில் குறையே இல்லை. ஆனால் அந்தக் குளிர் யாரையும் நடுங்க வைக்காத குளிர். இந்த மெருகேறிய அழகுக்கு எதிராகத்தான் ஆப்போலின் தலைமுறை தன்னை வகுத்துக்கொண்டது.

அந்தத் தலைமுறைக்கு ‘ஹேக் பள்ளி’ என்று பெயர். பள்ளி என்றதும் கட்டடத்தையும் வகுப்பறையையும் நினைக்க வேண்டியதில்லை. ஒரே பார்வை கொண்ட ஓவியர்களின் கூட்டத்தைத்தான் கலை வரலாற்றில் அப்படிச் சொல்வார்கள். ஏறத்தாழ 1860 முதல் 1890 வரை ஹேக் நகரை மையமாகக் கொண்டு இயங்கிய யோசஃப் இஸ்ரயேல்ஸ், ஆன்டன் மௌவ, மாரிஸ் சகோதரர்கள் மூவர், மெஸ்டாக், வைசன்ப்ரூக் முதலியோர் இதில் அடங்குவர். பிரான்சில் பார்பிசோன் என்ற சிற்றூரில் தங்கித் திறந்தவெளியில் இயற்கையை நேராகப் பார்த்து வரைந்த ஓவியர்கள் இவர்களுக்கு முன்மாதிரி. 1875ல் ஃபான் சான்டன் கோல்ஃப் என்ற விமர்சகர் இந்தப் பெயரைச் சூட்டினார். ஆப்போல் ஜனவரி மாலையை வரைந்ததும் அதே ஆண்டில்தான். இவர்கள் படங்களில் ஓங்கிய நிறங்கள் இல்லாததால் ‘சாம்பல் பள்ளி’ என்றும் ஒரு பட்டப்பெயர் உண்டு. மூத்தவர்களில் சிலருக்கு ஆப்போலை விட இருபத்தைந்து வயதுக்கு மேல் கூடுதல். அவர்கள் வகுத்த பாதையில் நடந்த இளையவராகவே அவரைக் கொள்ள வேண்டும்.

இங்கேதான் இந்தக் கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறோம். சாம்பல் என்பதை இவர்கள் மங்கல் என்று எண்ணவில்லை. நிறத்தை விட ஒளியளவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். ஒளியளவு என்பது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாக அல்லது இருட்டாக இருக்கிறது என்பதைக் குறிக்கும். சிவப்பும் பச்சையும் வெவ்வேறு நிறங்கள். ஆனால் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக விழலாம். அப்படி விழுந்தால் அவற்றின் ஒளியளவு ஒன்று என்று பொருள். ஓவிய மாணவர்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்வதும் இதற்காகத்தான். இமைகளை நெருக்கினால் நுணுக்கங்கள் மறைந்து, காட்சி நாலைந்து பெரிய திட்டுகளாகிவிடும். அந்தத் திட்டுகளுக்கு இடையிலான ஒளியளவு உறவு சரியாக அமைந்துவிட்டால், மேலே எந்த நிறத்தை வைத்தாலும் படம் நிற்கும். அது பிசகினால் ஒவ்வொரு கிளையையும் நுணுக்கி வரைந்தாலும் படம் தட்டையாகக் கிடக்கும்.

வெண்பனி இந்தப் பாடத்தின் மிகக் கடினமான பகுதி. வழக்கமான நிலக்காட்சியில் வானம் வெளிச்சம், தரை இருட்டு. கண் அதற்குப் பழகியிருக்கிறது. பனி பெய்து மேகம் மூடிய நாளில் அந்த ஒழுங்கு தலைகீழாகிவிடும். தரை வெளுத்து, தொடுவானத்தருகே வானம் அதைவிடக் கறுத்துத் தெரியும். வெளிச்சம் கீழிருந்து மேலே வருவதுபோலிருப்பதால் மரத்தின் அடிப்பகுதியும் கூரையின் உட்புறமும் எதிர்பாராத அளவுக்குத் துலங்கும். இந்தத் தலைகீழ் உறவைத் துல்லியமாகப் பிடிப்பதில்தான் ஆப்போலின் கைத்திறன் முதலில் வெளிப்படுகிறது. அவருடைய மரங்கள் நல்ல கறுப்பு அல்ல. ஈரப் பழுப்பும் ஊதாச் சாம்பலும் கலந்தவை. பனியிலிருந்து எழும் மங்கிய ஒளி அவற்றின் மேல் படுவதால் முழுக் கறுப்புக்கு அங்கே இடமே இல்லை.

வெண்பனி ஏன் வெள்ளையாகத் தெரிகிறது என்பதற்கு எளிய இயற்பியல் காரணம் உண்டு. தனியாக எடுத்தால் ஒரு பனித்துகள் நிறமற்ற, ஒளி ஊடுருவும் பொருள். கோடிக்கணக்கான துகள்கள் இடையிடையே காற்றோடு குவியும்போது, ஒளி ஒவ்வொரு முகத்திலும் பட்டுச் சிதறி எல்லா நிறங்களும் சமமாகத் திரும்பி வருகின்றன. புதிதாக விழுந்த வெண்பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம்வரை திருப்பிவிடும். ஆகவே பனிக்குச் சொந்த நிறம் என்று ஏதுமில்லை. மேலே என்ன ஒளி இருக்கிறதோ அதுவே அதன் நிறம். வெயில் நேராகப் படும் இடத்தில் அது இளமஞ்சள். மரநிழல் விழுந்த இடத்துக்குச் சூரியன் எட்டாது. நீலவானத்தின் ஒளி மட்டுமே எட்டும். எனவே அங்கே பனி நீலம். சூரியன் தொடுவானத்தில் இறங்கி ஆரஞ்சாகும் நேரத்தில் ஒளிபடும் மேடெல்லாம் ரோஜா நிறமாகி, பள்ளமெல்லாம் ஊதாவாகிவிடும். ஆப்போலுக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். பகல் முடியும் அந்த அரைமணி நேரத்தில் ஒரே தரையில் சூடான நிறமும் குளிர்ந்த நிறமும் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன.

இதை நம்பாதவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இத்தகைய ஓவியத்தின் நல்ல அச்சுப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வெள்ளைத் தாளில் பட்டாணி அளவுக்கு ஒரு துளை போட்டு, படத்தில் எது மிக வெண்மையான பனி என்று தோன்றுகிறதோ அதன் மேல் வையுங்கள். துளைக்குள் தெரிவது வெள்ளையாக இருக்காது. பழைய பருத்தித் துணியின் மஞ்சளாகவோ, ஈயப் பாத்திரத்தின் சாம்பலாகவோ, சில இடங்களில் வெளிறிய கத்தரிப்பூ நிறமாகவோ இருக்கும். தாளை நகர்த்த நகர்த்த நிறம் மாறிக்கொண்டே போகும். தாளை எடுத்ததும் மறுபடி எல்லாம் வெண்பனியாகிவிடும். பனி வெள்ளை என்பது நமக்கு முன்பே தெரியும் என்பதால், கண் அனுப்பும் செய்தியை மூளை திருத்திக்கொள்கிறது. ஓவியர் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டு, கண்ணில் விழுந்ததை மட்டுமே வரைகிறார். தொடக்கநிலை மாணவர்கள் பனி வரையும்போது குழாயிலிருந்து வெள்ளையைப் பிதுக்கி அப்படியே பூசிவிடுவதும், அது சுண்ணாம்புச் சுவர்போல் ஆகிவிடுவதும் இந்தத் திருத்தத்தை நம்பியதன் விளைவு.

அந்த வெள்ளை வண்ணத்துக்கே ஒரு டச்சுக் கதை உண்டு. பழைய ஐரோப்பிய ஓவியங்களில் வெள்ளை என்றால் பெரும்பாலும் ஈயவெள்ளைதான். அதைச் செய்யும் முறைகளில் பேர்பெற்றது ‘டச்சு முறை’. சிறு மண்பானைகளில் காடியை ஊற்றி, அதற்கு மேல் சுருட்டிய ஈயத் தகட்டை வைத்து, பானைகளை அடுக்கடுக்காகக் குதிரைச் சாணத்தில் புதைத்து அறையை மூடிவிடுவார்கள். சாணம் புளித்துச் சூடாகும். காடியின் ஆவி ஈயத்தை அரிக்கும். சாணத்திலிருந்து வரும் கரியமில வாயு அரிபட்ட ஈயத்தை வெள்ளைத் தூளாக மாற்றும். சில வாரங்கள், சில சமயம் மூன்று மாதம்வரை கழித்துத் திறந்தால், தகட்டின் மேல் வெண்மையான பொருக்குத் திரண்டிருக்கும். அதைச் சுரண்டி, அரைத்து, எண்ணெயில் குழைத்தால் தடித்த, கத்தியால் வாரி வைக்கக்கூடிய, காய்ந்த பின்னும் விரிசல் விடாத வெள்ளை கிடைக்கும். அரைத்த தொழிலாளர்களின் உடலில் ஈயம் ஏறி அவர்களை நோயாளியாக்கியது. காலப்போக்கில் இந்த வெள்ளை எண்ணெயோடு சேர்ந்து சற்றே ஒளி ஊடுருவக்கூடியதாக ஆகிவிடுவதும் உண்டு. ஃபான் கோயனின் பலகை ஓவியங்களில் வானத்தினூடே மரத்தின் ரேகை தெரிவதற்கு அது ஒரு காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியருக்கு ஆவர்காம்ப்பிடம் இல்லாத வசதிகள் சில இருந்தன. பழைய ஓவியர்கள் மலிவான நீலத்துக்குப் பயன்படுத்திய, கண்ணாடியை அரைத்துச் செய்த நிறமி, எண்ணெயில் நாளடைவில் சாம்பலாகச் சோர்ந்துபோகும். கோபால்ட் நீலமும் செயற்கை அல்ட்ராமரின் என்ற நீலமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளுக்குள் வந்துவிட்டன. 1841ல் மடக்கக்கூடிய உலோக வண்ணக்குழாய் வந்ததும், வண்ணத்தை வயல்வெளிக்கே எடுத்துச்செல்வது எளிதாயிற்று. ஆனாலும் குளிரில் நிற்பது எளிதாகிவிடவில்லை. விரல் விறைக்கும், எண்ணெய் வண்ணம் தடித்துவிடும், நீர்வண்ணம் தாளிலேயே உறையும். வெளியே குறிப்பெடுத்துக்கொண்டு ஓவியக்கூடத்தில் முடிப்பதே பொதுவான வழக்கம். ஆகவே பனி ஓவியம் என்பது பெரும் பகுதி நினைவில் இருந்து வரைவது.

இனி ஒரு சிறு இடத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்: பனியில் வண்டிச்சக்கரம் போன தடம். ஆப்போலின் படங்களில் இது அடிக்கடி வரும். சக்கரம் அழுத்திய பள்ளத்தின் அடியில் பனி கரைந்து மண்ணோடு குழைந்திருக்கும்; அங்கே பழுப்பு வேண்டும், ஆனால் வெறும் பழுப்பு அல்ல, வானத்தின் சாம்பலைக் கொஞ்சம் வாங்கிக்கொண்ட ஈரப் பழுப்பு. பள்ளத்தின் உட்சுவர் நிழலில் இருப்பதால் நீலச் சாம்பல். பிதுங்கி மேலே வந்த விளிம்பில் பனி நொறுங்கிக் கட்டிகட்டியாக நிற்கும். ஒளி படும் பக்கத்தில் மட்டும் தடித்த இளமஞ்சள் வெள்ளையைத் தூரிகை ஒரே இழுப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கும். நாலைந்து இழுப்புகள்தான். கிட்டே போனால் அழுக்கு வண்ணச் சேறு போலிருக்கும். மூன்று அடி பின்வாங்கினால் பாதை ஈரமாகி, வண்டி எந்தப் பக்கம் போனது என்பதுகூடத் தெரியும். அந்தத் தடம் படத்தின் அடிவிளிம்பில் அகலமாகத் தொடங்கி உள்ளே போகப்போகக் குறுகி மரங்களுக்கு நடுவே மறைந்துவிடும். பார்ப்பவரின் கண்ணையும் கையோடு அழைத்துக்கொண்டு போய்விடும்.

அமைதி பெரும் பகுதி இந்தத் தடத்திலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. ஆளே போகாத பனிவெளி அமைதியாக இருக்காது. அது வெறுமையாக இருக்கும், அல்லது அச்சமூட்டும். யாரோ சற்று முன்பு போய்விட்டார்கள், இனி நெடுநேரம் யாரும் வரப்போவதில்லை என்று தெரியும்போதுதான் அமைதி பிறக்கிறது. சக்கரத்தடம், காலடி, புகைபோக்கியிலிருந்து எழும் மெல்லிய புகை, சாத்திய சன்னல் என்று மனிதரின் அடையாளங்களை வைத்துவிட்டு மனிதரை மட்டும் எடுத்துவிடுவது ஆப்போலின் வழி. மனிதர் வந்தாலும் முதுகு காட்டி, வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டாக நடந்துபோவார். ஆவர்காம்ப்பிடம் நூறு பேர் சொன்ன செய்திகளை இங்கே ஒரு புகைக்கீற்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் அந்தக் கீற்றின் இடமும் சாய்வும் மிகவும் முக்கியமாகிவிடுகின்றன.

இதற்குத் துணையாக நிலத்தின் இயல்பும் வந்து சேர்கிறது. நெதர்லாந்து தட்டையான நாடு. அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மலையோ பள்ளத்தாக்கோ கொடுக்கும் நாடகம் அங்கே கிடையாது. ஓவியரிடம் இருப்பவை நீளமான கிடைக்கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் மரங்களும் வேலிக்கம்பங்களும்தான். கிடைக்கோடு கண்ணை ஓய வைக்கும். நிற்கும் மரம் அந்த ஓய்வில் ஒரு சீரை உண்டாக்கும். ஆப்போல் மரங்களைச் சம இடைவெளியில் நடுவதில்லை. மூன்று மரங்கள் நெருங்கி நிற்கும், பிறகு ஒரு நீண்ட வெளி, பிறகு ஒல்லியாக ஒன்று. அந்த நீண்ட வெளியில்தான் பெரும்பாலும் சூரியன் இறங்கும்.

பனிக்காட்சியின் அமைதிக்கு இயற்கையிலேயே ஓர் அடிப்படை உண்டு. புதிதாக விழுந்த வெண்பனியில் காற்று நிரம்பிய நுண்துளைகள் எண்ணற்றவை. ஒலி அவற்றுக்குள் புகுந்து அடங்கிவிடும். பனி பெய்து முடிந்த காலையில் வண்டியோசையும் நாய்க்குரைப்பும் ஏதோ கம்பளிக்கு அப்பாலிருந்து வருவதுபோல் கேட்பது இதனால்தான். அந்த நிலத்தில் வளர்ந்தவருக்கு இந்த ஒலியடக்கம் உடலோடு பழகிய ஒன்று. ஓவியத்தில் மெத்தென்ற பனிவிளிம்பைப் பார்த்ததும் காது அதை நினைத்துக்கொள்ளும். பனி இறுகிப் பனிக்கட்டியானதும் நிலைமை மாறிவிடும். கெட்டியான பரப்பு ஒலியைத் திருப்பி அனுப்பும்.

ஆப்போலைக் குறை சொல்லாமல் கடந்துவிடுவது நேர்மையாகாது. ஒரே பொருளை ஒருவர் அறுபது ஆண்டுக்கு மேல் வரைந்தால் கைக்குச் சில பழக்கங்கள் வந்துவிடும். இடப்பக்கம் இருண்ட மரக்கூட்டம், வலப்பக்கம் ஓடை, நடுவில் செக்கச்செவேலென்று மாலைச்சூரியன் என்ற அமைப்பைச் சில படங்களில் பார்க்கும்போது, இது கண்டதை வரைந்ததா, விற்றதை மறுபடி வரைந்ததா என்ற ஐயம் எழவே செய்கிறது. இது அவருக்கு மட்டுமான நோய் அல்ல. அவருடைய மூத்த தோழர் மௌவயின் ஆட்டுமந்தைப் படங்களை அமெரிக்கர்கள் விரும்பி வாங்கினார்கள். முன்னால் வரும் ஆடுகளுக்கு ஒரு விலை, முதுகு காட்டிப் போகும் ஆடுகளுக்கு ஒரு விலை என்று சந்தையில் பேச்சு இருந்தது. சந்தை ஒன்றைக் கேட்கத் தொடங்கினால் ஓவியர் அதிலிருந்து மீள்வது கடினம். என் கண்ணுக்கு ஆப்போலின் சிவந்த சூரியன்களை விட, சூரியனே இல்லாத மந்தமான நண்பகல் படங்களே உயர்வாகத் தெரிகின்றன. அங்கே ஒளிந்துகொள்ள அழகிய நிறம் ஏதும் இல்லை. ஒளியளவு ஒன்றை நம்பியே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியிருக்கிறது.

குளிர்காலத்தின் மேல் அவருக்கிருந்த பற்று வியாபாரத்தோடு முடிந்துவிடவில்லை என்பதற்குச் சான்றாக ஒரு பயணம் இருக்கிறது. 1880ல் ‘வில்லெம் பாரன்ட்ஸ்’ என்ற ஆய்வுக் கப்பலில் அவர் வடதுருவக் கடலுக்குப் போனார். 1596ல் நோவா செம்லா தீவில் பனியில் சிக்கிக் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்த டச்சு மாலுமியின் பெயரைத் தாங்கிய கப்பல் அது. அங்கே அவர் கண்ட பனி, மரமும் வேலியும் புகையும் இல்லாத, மனிதக் கணக்குக்கு அடங்காத பனி. அந்தப் பயணத்தின் நினைவுகள் வாழ்நாள் முழுவதும் அவருக்குக் கைகொடுத்தன. ஆனால் அவர் திரும்பி வந்தது ஓடைக்கரைக்கும் வண்டிப்பாதைக்கும்தான்.

அவர் வரைந்த குளிர்காலம் இன்று அந்நாட்டிலேயே அருகிவருகிறது. ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் பதினோரு ஊர்களை இணைக்கும் உறைந்த கால்வாய்களில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும் போட்டி ஒன்று உண்டு. 1890 டிசம்பரில் பிம் மூலியர் என்பவர் ஒரே நாளில் அந்தத் தொலைவைக் கடந்தார். 1909ல் அது முறையான போட்டியாயிற்று. வழிநெடுகப் பனிக்கட்டி 15 சென்டிமீட்டர் தடிப்பாக இருந்தால்தான் அதை நடத்துவார்கள். கடைசியாக நடந்தது 1997ல். இளைய டச்சுக்காரர் பலருக்கு ஆவர்காம்ப்பின் கூட்டமும் ஆப்போலின் ஓடையும் இப்போது ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பழங்கதை.

இந்த வகையைப் பார்க்கப் பழகுவதற்கு ஆம்ஸ்டர்டாம் போக வேண்டியதில்லை. ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் சேகரிப்பிலுள்ள ஓவியங்களின் மிகத் தெளிவான படங்களை இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆவர்காம்ப்பின் சறுக்குப் படத்தையும் ஆப்போலின் ஜனவரி மாலையையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் எங்கு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். எங்கும் ஒரு மனிதர் இருப்பார். இரண்டாவதை உடனே பெரிதாக்க வேண்டாம். முதலில் கண்ணைச் சுருக்கி, மிக இருண்ட இடம் எது, மிக வெளிச்சமான இடம் எது என்று பாருங்கள். பிறகு அந்த வெளிச்சமான இடத்தை மட்டும் திரை முழுவதும் நிரம்பும்படி பெரிதாக்குங்கள். பனி மறைந்து, வண்ணமும் தூரிகையின் மயிர் கீறிய கோடுகளும் மட்டும் எஞ்சி நிற்கும். அதில் எத்தனை நிறங்கள் என்று எண்ணத் தொடங்கலாம்.